செட்டிநாட்டுச் சாலைகளில் வேகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரத்தில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களும், கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு), கோயில் என்று வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. இவற்றில் சில, கேள்வி மாதிரி வருகிற சாக்குகள். அவற்றுக்கும் பதில் உண்டு.

ரோடு நேராக, காலியாகத்தானே கிடக்கிறது? கொஞ்சம் அழுத்தினால் என்ன?

காலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இது வானம் பார்த்த சீமை. அதனால் ஊருக்கு ஊர் கண்மாய், ஊருணி. பல சாலைகள் கண்மாய்க் கரையை ஒட்டியே ஓடுகின்றன. கரை வளைகிற இடத்தில் சாலையும் வளையும், வளைவின் உள்பக்கம் சீமைக் கருவேலம் மண்டி நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் வருவது டவுன் பஸ்ஸா, வைக்கோல் ஏற்றிய டிராக்டரா என்பது திரும்பிய பிறகுதான் தெரியும். ஆடும் அப்படித்தான். ஒரு ஆடு குறுக்கே ஓடிப் போய்விட்டால் 'தப்பித்தோம்' என்று மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். மந்தை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அறுவடை நேரத்தில் இன்னொரு சங்கதி. நெல்லையும் உளுந்தையும் பாதித் தார்ச்சாலையில் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வரிசை வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும். தேங்காய் அளவு கல், அதன் மேல் தூசி, ஹெட்லைட்டில் தாரோடு தாராகத்தான் தெரியும். 70இல் வருகிற டூவீலர்காரர் அதைப் பார்ப்பது முன்சக்கரம் ஏறிய பிறகு. சாலையில் காயப்போடுவது சரியா என்றால் சரியில்லைதான். களம் இல்லாதவர் எங்கே கொண்டு போய்க் காயவைப்பார் என்பது தனி வழக்கு. அந்த வழக்கு தீரும்வரை, கல் கிடக்கும் என்று நினைத்து ஓட்டுவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

60க்கும் 80க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? வெறும் 20தானே?

ஸ்பீடாமீட்டர் முள்ளில் 20தான். ஆனால் வண்டியின் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 60இலிருந்து 80க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, மோதும் ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 60இலிருந்து 120க்குப் போனால் நான்கு மடங்கு.

கணக்காகவே பார்க்கலாம். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அந்த ஒன்றரை நொடியும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 60இல் அது 25 மீட்டர், 80இல் 33 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரோடு ஓடும் கார் 60இலிருந்து நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும், 80இலிருந்து நிற்க 35 மீட்டர். மொத்தமாக 60இல் 45 மீட்டர், 80இல் 68 மீட்டர். 100இல் போனால் கிட்டத்தட்ட 97 மீட்டர்.

இப்போது கருவேலங்காட்டிலிருந்து 45 மீட்டர் முன்னால் ஒரு மாடு சாலைக்கு வருகிறது என்று வையுங்கள். 60இல் வந்தவர் மாட்டின் மூக்குக்கு முன்னால் வண்டியை நிறுத்தித் திட்டிவிட்டுப் போவார். 80இல் வந்தவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 33 மீட்டரைத் தின்றுவிட்டார். மீதி 12 மீட்டரில் எவ்வளவு அழுத்தினாலும் மாட்டை இடிக்கும்போது வேகம் ஏறக்குறைய 65 இருக்கும். அதாவது, முதல் ஆள் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது ஆள், முதல் ஆள் ஓட்டிவந்ததைவிட அதிக வேகத்தில் மோதுகிறார். இந்த ஒரு கணக்கை மட்டும் நம்புவதற்குப் பலருக்கும் நேரம் பிடிக்கிறது. தாளில் போட்டுப் பாருங்கள், இதேதான் வரும்.

மாட்டின் இடத்தில் மனிதர் என்றால்? 50 கி.மீ. வேகத்தில் கார் இடிப்பது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். வேகம் 50இலிருந்து 65 ஆனால், காரின் முன்பக்கத்தில் அடிபட்டு நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ராத்திரியில் டிராஃபிக் குறைவு. அப்போதாவது வேகமாகப் போகலாமா?

ராத்திரியில் குறைவது டிராஃபிக் மட்டுமல்ல, நாம் பார்க்கிற தூரமும்தான். லோ பீமில் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 40, 50 மீட்டர். மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். டிம்மில் 60ஐத் தாண்டினால், தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகிறோம் என்று அர்த்தம்.

சென்னையில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பி, விடியலில் ஊர் வந்து சேருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருச்சி வரை நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக 100இல் வந்து பழகிய கண்ணுக்கு, அதற்குப் பிறகு 80 என்பது ஊர்வது போலத் தெரியும். முள்ளைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். புதுக்கோட்டை தாண்டி திருமயம் பக்கம் வரும்போது நடுத்தடுப்பு இல்லாத சாலை, எதிர்வண்டியின் வெளிச்சம், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குச் சொக்குகிற தூக்கம் எல்லாம் ஒன்றாகச் சேருகின்றன. 90இல் போகும் வண்டி மூன்று நொடி கண் அசந்தால் 75 மீட்டர் போய்விடும். திருச்சியில் இறங்கி முகம் கழுவி, ஒரு டீ குடித்து, முடிந்தால் அரை மணி நேரம் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் காத்திருக்கிற ஆச்சி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேகமாகப் போனால் நேரம் மிச்சம்தானே?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குச் சுமாராக 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரே சீராக 60இல் போனால் 20 நிமிடம், 80இல் போனால் 15. ஐந்து நிமிடம் மிச்சம், அதுவும் வழியில் ஒரு இடத்திலும் கால் எடுக்காமல் போனால். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், ரஸ்தா கடைவீதி என்று வரும்போது அந்த ஐந்து இரண்டாகச் சுருங்கும். விரட்டி விரட்டி முந்திப்போன காரை அடுத்த போலீஸ் பேரிகார்டில் பின்னாலிருந்து பார்த்துச் சிரித்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும்.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. அவசரம் என்றால் அவசரம்தானே?

இந்தப் பக்கத்தில் வேகத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. சாலைக்கு வருவதற்கு முன்பே, வீட்டு முகப்பிலேயே அந்த வேகம் முடிவாகிவிடுகிறது. திங்கட்கிழமை 9 மணிக்கு முகூர்த்தம், போக ஒரு மணி நேரம் வேண்டும் என்றால், ஏழு மணிக்கு எல்லோரும் காரில் இருக்க வேண்டும். 7.20க்கு ஒருவர் நகையைத் தேடுகிறார், இன்னொருவர் சீர்த்தட்டை எண்ணுகிறார். 7.30க்கு ராகு காலம் பிறந்துவிடுகிறது. 'சரி, ராகு காலத்தில் கிளம்ப வேண்டாம்' என்று ஒருவர் சொல்ல, 'ஒன்பது மணிக்குக் கிளம்பினால் தாலி கட்டுவதையே பார்க்க முடியாது' என்று மற்றவர் சொல்ல, கடைசியில் எட்டே காலுக்குக் கிளம்பி, போன நேரத்தையெல்லாம் டிரைவரின் காலில் வசூல் செய்யப் பார்க்கிறார்கள்.

நம் பெரியவர்களிடம் இதற்கு வழி இருந்தது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், நல்ல நேரம் முடிவதற்குள் பையை மட்டும் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு எப்போது கிளம்பினாலும் மனதில் உறுத்தல் இராது. இப்போது பெட்டியைக் கார் டிக்கியில் வைத்து, காரைத் தெருமுனை வரை கொண்டு போய் நிறுத்திவிட்டால் போயிற்று. நாள் பார்ப்பதையும் விட வேண்டாம், 100இல் பறக்கவும் வேண்டாம். முதல்நாள் ராத்திரியே சீர்ச் சாமான்களை வண்டியில் ஏற்றிவிடுவது அதைவிட உத்தமம்.

அப்படியும் நேரமாகிவிட்டால் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நாம் பந்திக்கு வந்து சேர்ந்தாலும் மொய் எழுதிக்கொள்வார்கள்.

வாடகைக் கார் டிரைவர் வேகமாக ஓட்டுகிறார். எப்படிச் சொல்வது?

முதலில் பின்சீட்டில் என்ன பேசுகிறோம் என்று கவனியுங்கள். 'இன்னும் எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?' என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டால், கேட்பவருக்கு அது பேச்சு, டிரைவருக்கு அது உத்தரவு. ஏறும்போதே, 'அண்ணே, அவசரம் ஒண்ணுமில்ல, பிள்ளைங்க இருக்காங்க, நிதானமாவே போங்க' என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓடும்போது கத்துவதால் பயனில்லை. டீக்கு நிறுத்தச் சொல்லி, இறங்கி, முகம் பார்த்துச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அவருக்கு ரோஷம் வரும், தனியாகச் சொன்னால் கேட்பார்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, வேகமாக ஓட்டுகிறவரோடு நிற்பதில்லை. தன்னிடம் வேலை செய்கிறவரை அப்படி ஓட்ட வைக்கிறவரையும் பிடிக்கும். ஒரே நாளில் இரண்டு டிரிப்பை நெருக்கி ஒப்புக்கொள்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டப்படி எவ்வளவு வேகம் போகலாம்?

மத்திய அரசு 2018 ஏப்ரலில் அறிவித்த உச்சவரம்பு: நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் கார் 100, பஸ் 90, லாரியும் டூவீலரும் 80. நகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற சாலைகளிலும் கார் 70, பஸ், லாரி, டூவீலர் 60. ஆட்டோவுக்கு 50. இதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் இதன் பொருள், இவ்வளவு வேகத்தில் போ என்பதல்ல. மாநில அரசும் உள்ளூர் நிர்வாகமும் இதைவிடக் குறைத்து வைக்கலாம். ஓரத்தில் வட்டத்துக்குள் 40 என்று பலகை நின்றால் அங்கே 40தான் சட்டம்.

மாட்டினால் என்ன ஆகும்?

காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், பஸ், லாரிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. மறுபடி மாட்டினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம். ஆபத்தாக ஓட்டியதாக 184ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் முதல் தடவையே ஓராண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. உயிர் போய்விட்டால் பாரதிய நியாய சம்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106ஆம் பிரிவு, ஐந்தாண்டு வரை சிறை. அதற்கு மேல் கோர்ட்டுக்கு அலைவது தனி.

20 வருஷமாக ஓட்டுகிறேன். எனக்கு வண்டி கையில் நிற்கும்.

நிற்கட்டும். எதிரே வருகிறவர் லைசென்ஸ் எடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? அப்புறம், அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அந்த ஒன்றரை நொடி பெரிதாகக் குறையாது. வயது ஏற ஏறக் கூடத்தான் செய்யும்.

ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் இருக்கிற புது வண்டி. இன்னும் பயமா?

ஏபிஎஸ் என்பது அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்கும்படி வைத்திருக்கிற ஏற்பாடு. நிற்கிற தூரத்தை எங்கும் எப்போதும் அது குறைத்துவிடாது. தளர்ந்த சரளையில் கூடவும் செய்யும். இங்கே தாரை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலே செம்மண்ணும் சரளையும்தான். ஏர்பேக் உள்ளே இருப்பவருக்கு, அதுவும் பெல்ட் போட்டவருக்கு. வெளியே சைக்கிளில் போகிற பெரியவருக்கு உங்கள் காரில் ஒரு ஏர்பேக்கும் இல்லை.

மைலேஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 60இலிருந்து 90க்குப் போனால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை இரண்டேகால் மடங்காகிறது. அதற்கும் பெட்ரோல் போடுவது நாம்தான்.

தைப்பூச நேரத்தில் எப்படி ஓட்டுவது?

தை பிறந்தாலே இந்தச் சாலைகளின் குணம் மாறிவிடும். நகரத்தார் காவடிகளும் அவர்களோடு சேர்ந்து நடக்கிற ஆயிரக்கணக்கான பேரும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்குப் போகிறார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் நடை. இடதுபக்க ஓரமாக, நமக்கு முதுகு காட்டிப் போகிறவர்கள் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க வழியில்லை. காலில் கொப்புளம் வந்தவர் சரளையில் மிதிக்க முடியாமல் தார்மேல் ஏறி நடப்பார். பாட்டுப் பாடிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு ஹாரன் காதில் விழாது. தோளில் காவடி இருப்பவரால் சட்டென்று ஒதுங்கவும் முடியாது.

அந்த நாட்களில் இந்தப் பாதையில் 40க்கு மேல் போவதில் எந்த நியாயமும் இல்லை. கூட்டம் தெரிந்ததும் லைட்டை டிம் செய்து, எதிரே வண்டி இல்லாதபோது நன்றாக விலகிப் போங்கள். எதிரே வண்டி வந்தால் கூட்டத்துக்குப் பின்னால் காத்திருங்கள், இடையில் நுழைய வேண்டாம். நடக்கிறவர்களும் பையின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளலாம். காவி, பச்சை எல்லாம் இருட்டில் ஒரே கறுப்புதான்.

பொங்கலையொட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கிற நாளில் திருப்பத்தூர் சாலையில் வருகிறவர்களுக்கும் இதே பேச்சு. அவிழ்த்துவிட்ட காளை எந்த வயலிலிருந்து ஏறி வரும் என்று காளைக்கே தெரியாது.

ஊருக்குள், தெருவுக்குள் எவ்வளவு வேகம் சரி?

30. மனிதரும் வண்டியும் கலந்து புழங்குகிற இடத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுவதும் அதுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்த் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். பார்க்கும்போதே கால் அழுந்தும். ஆனால் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, மதிலோ தெருமுனை வரைக்கும் உயரமாக நிற்கிறது. குறுக்குத் தெருவிலிருந்து சைக்கிளில் வருகிற பையனின் முன்சக்கரம் தெரியும்போது அவன் ஏற்கெனவே தெருவுக்குள் வந்துவிட்டான். போதாக்குறைக்கு, நடுத்தெருவில் நின்று முகப்புச் சுதை வேலையைப் போனில் படமெடுக்கிற சுற்றுலாக்காரர்கள். நன்றாகப் படம் வரப் பின்னாலேயே நடந்து வருவார்கள். திட்டாதீர்கள், நம் ஊர் அழகைத்தான் பார்க்கிறார்கள்.

தெருவுக்குத் தெரு ஸ்பீடு பிரேக்கர் போட்டுவிட்டால் போதாதா?

முறையாகப் போட்டால் உதவும். 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், பெயின்ட், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை என்று அதற்கு அளவு இருக்கிறது. அந்த அளவில் போட்டதை 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். தெருக்காரர்களே ஒரு ராத்திரியில் சிமென்ட்டைக் குவித்துக் கட்டுகிற குட்டிச்சுவர், டூவீலரின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிற அம்மாவைத் தூக்கிப் போட்டுவிடும். வேண்டுமென்றால் நகராட்சியிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ தெருவாகச் சேர்ந்து மனுக் கொடுங்கள்.

பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், பைக் கேட்கிறான். ஊருக்குள்ளேதானே?

கியர் வண்டிக்கு 18 வயது ஆக வேண்டும். 16 வயதில் கிடைக்கிற லைசென்ஸ் கியர் இல்லாத, 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும். சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 'அப்பச்சி, எல்லாரும் ஓட்டுறாங்க' என்று அவன் சொல்வான். எல்லோர் வீட்டிலும் இதே பேச்சுத்தான் ஓடுகிறது.

நான் 60இல் போனால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கொல்கிறான்.

இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி, அவரை முன்னால் விட்டுவிடுங்கள். அவருக்காக நாம் வேகம் கூட்டினால் அவரும் கூட்டுவார், பின்பம்பரை ஒட்டிக்கொண்டேதான் வருவார்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உண்மையில் எத்தனை பேர் வேகத்தால் சாகிறார்கள்?

2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் வருகிறது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

வழியில் விபத்தைப் பார்த்தால் நிறுத்தலாமா? போலீஸ், கோர்ட் என்று அலைய வைப்பார்களே?

தாராளமாக நிறுத்துங்கள். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

முதலில் உங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். பின்னால் வருகிற வண்டிகளைக் கைகாட்டி மெதுவாக்க ஒருவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கி இழுப்பது, கழுத்தைத் தூக்கி உட்காரவைப்பது, மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது மூன்றும் வேண்டாம். ரத்தம் கொட்டுகிற இடத்தைத் துண்டால் அழுத்திப் பிடியுங்கள். 108க்குப் பேசும்போது 'காரைக்குடி ரோடு' என்று மட்டும் சொன்னால் அவர்கள் எந்தப் பக்கம் வருவார்கள்? பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, தலை மஞ்சளா பச்சையா என்று பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. கல் கண்ணில் படவில்லை என்றால் எந்த ஊரைத் தாண்டி எந்தக் கண்மாய், எந்தக் கோயில் வளைவு என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் டிரைவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான், கண்டுபிடித்து வந்துவிடுவார்கள்.